பத்துக்கு எத்தனை? வலியை அளப்பதில் செவிலியர் ஆய்வுகள் கொண்டுவந்த மாற்றம்

அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருக்கும் உங்களிடம் செவிலியர், "வலியே இல்லையென்றால் பூஜ்ஜியம், தாங்கவே முடியாதென்றால் பத்து, இப்போது எத்தனை?" என்று கேட்கலாம். அத்துடன் நில்லாமல், "இருமிப் பார்த்தீர்களா? எழுந்து உட்கார முடிகிறதா? இரவு உறங்கினீர்களா?" என்றும் கேட்டால், அக்கேள்விகளுக்குப் பின்னால் ஏறத்தாழ 60 ஆண்டுக்கால ஆய்வு இருக்கிறது.

நோயாளியின் முகத்தையும் நாடித் துடிப்பையும் பார்த்து வலியைப் பிறர் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. 1968ஆம் ஆண்டு மார்கோ மெக்காஃபெரி என்னும் அமெரிக்கச் செவிலியர், வலியைப் பற்றி முதன்மையான சாட்சி நோயாளியே என்ற கருத்தை வலியுறுத்தினார். இன்று எளிதாகத் தோன்றும் இக்கருத்து அன்று பெரிய மாற்றமாக அமைந்தது. 1990களின் நடுப்பகுதியில், உடல் வெப்பம், நாடித் துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகியவற்றுடன் வலியும் ஐந்தாவது உயிர்க்குறியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற இயக்கம் அமெரிக்காவில் பரவியது.

நோக்கம் நன்று, விளைவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. அந்நாட்டின் முன்னாள் படைவீரர்களுக்கான வெளிநோயாளர் பிரிவு ஒன்றில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, எண்ணைக் குறித்துவைப்பதனால் மட்டும் வலிக்கான சிகிச்சை மேம்படவில்லை என்று காட்டியது. அபினி வகை மருந்துகள் மிகையாகப் பரிந்துரைக்கப்பட்டதற்கும் எண்ணைக் குறைக்கும் முனைப்பு ஒரு காரணம் என்ற விமர்சனம் எழுந்தது. பழி முழுவதையும் அந்த எண்ணின் மீது சுமத்துவது முறையன்று. மருந்து நிறுவனங்களின் விற்பனை உத்திகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. எனினும் 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் 'ஐந்தாவது உயிர்க்குறி' என்ற அணுகுமுறையைக் கைவிடப் பரிந்துரைத்தது.

எனவே ஆய்வாளர்களின் கவனம், வலி உங்களை எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதன் பக்கம் திரும்பியுள்ளது. இது உங்கள் உயிரோடு தொடர்புடையது. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அசையாமல் படுத்திருக்கும்போது வலி இரண்டாகவும், இருமும்போது எட்டாகவும் இருக்கலாம். வலிக்கு அஞ்சி இருமாமலும் ஆழ்ந்து மூச்சிழுக்காமலும் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரக்கூடும்; நடக்காமல் இருந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையக்கூடும். ஆகவே இரண்டு எண்களையும் சொல்லுங்கள். 'பரவாயில்லை' என்ற நம் ஊர் விடை, குறிப்பேட்டில் வலி இல்லை என்றே பதிவாகிவிடும்.

எண் சொல்ல வராவிட்டால் சொற்களால் சொல்லுங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், முறுக்கு என்று தமிழில் வலிக்குப் பல பெயர்கள் உள்ளன. அவை மருத்துவருக்குப் பயன்படும். எரிச்சல், ஊசி குத்துதல், மின்சாரம் பாய்வது போன்ற தெறிப்பு ஆகியவை நரம்பு சார்ந்த வலியைச் சுட்டலாம். அதற்கான மருந்துகள் வேறு.

பேச முடியாதவர்களின் வலியை அறிவதே செவிலியர் ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதி என்பது என் கருத்து. செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்போருக்காகக் கனடாவைச் சேர்ந்த செவிலியர் ஆய்வாளர் செலின் ஜெலினாவும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட அளவுகோல், முகபாவம், உடலசைவு, தசை இறுக்கம், கருவியுடன் ஒத்துப்போகும் விதம் ஆகிய நான்கையும் கவனிக்கிறது. மறதி நோய் முற்றியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி அளவுகோல்கள் உள்ளன. தீவிர சிகிச்சைக்கான 2018ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்கள், நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மட்டும் கொண்டு வலியை முடிவு செய்யக் கூடாது என்கின்றன. நோயாளியால் சொல்ல இயலாதபோது குடும்பத்தினரின் கவனிப்பையும் துணையாகக் கொள்ளலாம் என்கின்றன. புரட்டிப் படுக்கவைக்கும்போது அம்மா புருவத்தைச் சுருக்குகிறார், வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் கையை உதறுகிறார் என்பது உங்களுக்கே முதலில் தெரியும். அதைச் செவிலியரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. மார்பின் போன்ற மருந்து பெறுபவருக்குச் சுவாசம் குறைவதற்கு முன் பெரும்பாலும் மிகையான தூக்கக் கலக்கம் தோன்றும். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் உறங்கிவிடுகிறார் என்றால், 'நன்றாகத் தூங்கட்டும்' என்று விட்டுவிடாமல் உடனே செவிலியரை அழையுங்கள். சில மருத்துவமனைகளில் நோயாளியே அழுத்தி மருந்து பெறும் பொத்தான் தரப்படுவதுண்டு. அவருக்காக நீங்கள் அதை அழுத்தக் கூடாது. உறங்குபவர் தாமாக அழுத்தமாட்டார் என்பதே அக்கருவியின் பாதுகாப்பு.

வலிமருந்து தரப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நரம்பு வழி ஊசி என்றால் 15 முதல் 30 நிமிடங்களிலும், மாத்திரை என்றால் சுமார் ஒரு மணி நேரத்திலும் வலியை மீண்டும் மதிப்பிடுவது வழக்கம். நெரிசல் மிகுந்த வார்டில் ஒரு செவிலியர் பலரைக் கவனிக்க வேண்டியிருப்பதால், அந்த நேரம் தவறக்கூடும். அப்போது உடனிருப்பவர் செவிலியர் மேசைக்குச் சென்று, வலி குறைந்ததா, இப்போது இரும முடிகிறதா என்ற இரண்டையும் தெரிவிக்கலாம்.