ஓய்ந்திருக்கும் கணினியும் பொது நலமும்

பலர் சிறிது சிறிதாய் இட்ட பங்குத்தொகையே சங்கத்தின் மூலதனம் என்பதை அங்கத்தினர்கள் நன்கறிவர். இம்முறையில் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியதே ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ என்னும் திட்டம். உடலிலுள்ள புரதங்கள் மடியும் விதத்தையும், அது பிழைபடுவதால் விளையும் நோய்களையும் ஆராயும் பெருங்கணக்கைத் துண்டுகளாக்கி, இல்லங்களில் ஓய்ந்திருக்கும் கணினிகளுக்கு அனுப்புகின்றனர். 2020-இல் கொரோனா பரவியபோது இலட்சக்கணக்கானோர் சேர, விநாடிக்கு 10,000 கோடி கோடி கணக்கீடுகளுக்கு மேற்பட்ட ஆற்றல் திரண்டது.

ஆயினும், மின்கட்டணம் செலுத்துவோர்க்கு ஆராய்ச்சியின் போக்கைத் தீர்மானிக்க வாக்கில்லை. வாக்கில்லாத பங்கு கூட்டுறவாகாது, கொடையேயாகும். பலருடைய கொடையின் பயன் சிலருடைய உடைமையாதல் தகாது. இத்திட்டத்தார் முடிவுகளை யாவர்க்கும் வெளியிடுவது போற்றத்தக்கது. கணினியுடைய அங்கத்தினர்கள் இத்தகைய பணிகளில் சேரலாம். சேருமுன், விளைவு பொதுவுடைமையாகுமா என்று கேட்டறிதல் வேண்டும் என நாம் கருதுகிறோம்.