துவரம்பருப்பு டப்பாவில் இரண்டு வளையல்



மோட்டர்ஹோம் வண்டியை வாடகை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத் தங்கையின் காரில் ஒன்றரை மணி நேரம் வந்த பிறகு அம்மா கேட்டாள்: “மாப்பிள்ளை, அந்தத் துவரம்பருப்பு டப்பாவ எங்க வச்சீங்க?”

“மிச்சம் இருந்த சாமானையெல்லாம் அங்கேயே ஷெல்ஃபுல வச்சிட்டேன் அத்தை. அடுத்து வண்டி எடுக்குறவங்களுக்கு உதவுமே.”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நாலு பவுனில் இரண்டு வளையல்களைப் பாலிதீன் பையில் சுற்றி, பருப்புக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாள். பத்து நாள் பயணத்தில் எங்களில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ரகசியம் போய்விடும் என்று நினைத்தாள்.

திரும்பிப் போனோம். எண்ணெய், உப்பு, காகிதத் தட்டு, பாதி தீர்ந்த சோப்பு என்று பலர் விட்டுப்போன பொருள்களுக்கு நடுவே டப்பா அப்படியே இருந்தது. பருப்பை யாரும் தொடவில்லை. வளையல்கள் கிடைத்தன. ஆனால் வீடு வந்து சேரும்வரை அம்மாவின் கைநடுக்கம் நிற்கவில்லை. அவளுக்கு வயது 74.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கோடை விடுமுறை தொடங்கியிருக்கும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பும் பெற்றோர் நம் வாசகர்களில் நிறையப் பேர். பிள்ளைகளும் பெற்றோரை மகிழ்விக்க மோட்டர்ஹோம் எடுக்கிறார்கள். நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே அதைக் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். அமெரிக்கத் தமிழர்கள் சுருக்கமாக ‘ஆர்.வி.’ என்பார்கள். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சக்கரத்தின் மேல். வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாத, அடிக்கடி கழிப்பறை தேடவேண்டிய வயதில் இதைவிடச் சுகமான பயணம் இல்லை என்பேன். நாங்கள் அமெரிக்காவில் யோசெமிட்டி தேசியப் பூங்கா வழியாக ஏறி, 3,031 மீட்டர் உயரத்திலுள்ள டியோகா கணவாயைக் கடந்து, மோனோ ஏரிக்கு இறங்கி, 395ஆம் நெடுஞ்சாலையில் விட்னி மலையடிவாரத்து லோன் பைன் வரை போனோம். அம்மா தினமும் ரசம் வைத்தாள்.

ரசம் கொதிக்கும் இடத்தை மனம் வீடு என்றே எடுத்துக்கொள்கிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. காரில் போனால் கைப்பையை இருக்கையில் விட்டுவிட்டு இறங்க மாட்டோம். மோட்டர்ஹோமில் அதே கைப்பை மேசைமேல் கிடக்கும், ‘உள்ளேதானே இருக்கிறது’ என்று. கண்ணாடி காரின் கண்ணாடிதான். கதவோ பல வண்டிகளில் கார்க்கதவைவிட மெலிது. வீட்டைப் போலச் சுற்றிலும் தெரிந்த மனிதர்களும் இல்லை. முழு வண்டியையுமே ஓட்டிக்கொண்டு போய்விட முடியும் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

பூட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டியின் வெளிப்பக்கத்தில், இடுப்புக்குக் கீழே, சாமான் வைக்கும் அறைகள் வரிசையாக இருக்கும். அமெரிக்காவில் தயாராகும் ஏராளமான வண்டிகளில் இந்த அறைகளுக்கு ஒரே வெட்டுள்ள சாவிதான், ‘சி.எச். 751’ என்ற எண்ணைத் தாங்கியிருக்கும். கடையில் சில டாலருக்கு அந்தச் சாவி கிடைக்கிறது. ஆர்.வி. வைத்திருப்பவர்கள் பலருக்கும் இது தெரியும். முதல்முறை வாடகைக்கு எடுக்கும் நமக்குத்தான் தெரியாது. பெட்டியை அந்த அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு நிம்மதியாக ஊர் சுற்றப் போகிறோம். அங்கே மடக்கு நாற்காலியும் தண்ணீர்க் குழாயும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் பணமும் வேண்டாம்.

யோசெமிட்டி முகாம்களில் தடித்த இரும்புப் பெட்டிகளைப் பார்ப்பீர்கள். அவை உணவுப்பொருள்களுக்கு. வாசனை பிடித்துவந்து காரையே உடைக்கும் கரடிகள் அங்கே உண்டு. பெட்டியின் கனத்தைப் பார்த்து விலையுள்ளதை அதற்குள் வைக்க நினைக்காதீர்கள். அந்தத் தாழ்ப்பாள் கரடிக்குத்தான் திறக்காது. மனிதக் கைக்கு எளிதில் திறக்கும்.

அப்படியானால் எங்கே வைப்பது? அதற்கு முன்னால், எவ்வளவு கொண்டுபோவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும். இந்தியாவிலிருந்து பெரும்பாலான நாடுகளுக்குப் போகும்போது ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்குள்தான் வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம். மீதியைக் கார்டாக எடுத்துப் போகவேண்டும். அமெரிக்க எல்லையில் 10,000 டாலருக்கு மேல் கையில் இருந்தால் எழுதிக் காட்டவேண்டும். குடும்பமாகப் போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்து அந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கவும் முடியாது. பணம் வைத்திருப்பது அங்கே குற்றமல்ல. மறைப்பதுதான் குற்றம்.

ரொக்கமே வேண்டாமா என்றால், வேண்டும். காடும் மலையும் சார்ந்த சிறிய முகாம்கள் பலவற்றில் காவலர் இருக்கமாட்டார். நுழைவில் தரையில் நட்ட ஓர் இரும்புக் குழாய் நிற்கும். ‘அயர்ன் ரேஞ்சர்’, அதாவது இரும்புக் காவலர் என்று அதற்குப் பெயர். பக்கத்தில் உறைகள் இருக்கும். வண்டி எண்ணை எழுதி, கட்டணத்தை உறையில் இட்டு, குழாயின் வாயில் போட்டுவிட்டு, கிழித்த துண்டை உங்கள் இடத்துக் கம்பத்தில் மாட்டவேண்டும். யாரும் பார்க்காத இடத்தில் மனிதர் மனிதரை நம்பும் அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இரும்புக் காவலர் சில்லறை தரமாட்டார். நூறு டாலர் நோட்டு அங்கே பயன்படாது. நம் ஊரில் டாலர் மாற்றும்போது நூறாகவே அடுக்கித் தருவார்கள். ஐந்து, பத்து, இருபது என்று கேட்டு வாங்குங்கள். முகாமில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சில இடங்களில் வெந்நீர்க் குளியலுக்கும் 25 சென்ட் காசுகள் தேவைப்படும். அவற்றைத் தனி டப்பாவில் போட்டு எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். போனாலும் பெரிய நஷ்டமில்லை. இதற்கு மாறாக, டெத் வேலி போன்ற சில தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்தை ரொக்கமாக வாங்குவதே இல்லை. கார்டு, ரொக்கம் இரண்டும் வேண்டும். எதுவும் அளவுக்கு மேல் வேண்டாம்.

கார்டிலும் ஒரு சிக்கல். அமெரிக்க பெட்ரோல் பம்புகள் பலவற்றில் கார்டைச் செருகியதும் ஐந்து இலக்க அஞ்சல் எண் கேட்கும். நம் ஆறு இலக்க பின்கோடு அங்கே செல்லாது. கடைக்குள் போய்க் காசாளரிடம் முன்பணம் கட்டித்தான் நிரப்பவேண்டும். ஓட்டுநர் உள்ளே போகிறார், குழந்தைகள் நொறுக்குத்தீனி வாங்க இறங்குகிறார்கள், பெரியவர்கள் காலை நீட்டி நடக்கிறார்கள், வண்டிக்கதவு திறந்தபடி நிற்கிறது. பை காணாமல் போக இரண்டு நிமிடம் போதும். எரிபொருள் நிரப்பும்போது வண்டிக்குள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று எங்கள் வீட்டில் இப்போது சட்டம். இன்னொன்று: இந்திய வங்கிகள் புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு 2020 அக்டோபரிலிருந்து மூடியே வருகிறது. கிளம்புமுன் வங்கியின் செயலியிலோ கிளையிலோ அதைத் திறந்துகொள்ளுங்கள்.

திருட்டுக்கு அதிகம் இடம்கொடுப்பவை ஊருக்குள் இருக்கும் பெரிய வாகன நிறுத்தங்களும் மலையேறும் பாதைகளின் தொடக்கத்தில் உள்ள தனித்த நிறுத்தங்களும்தான். எல்லாரும் இறங்கிப்போகும் இடம் என்று திருடனுக்கும் தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் கார்க்கண்ணாடி உடைப்பு ஊரறிந்த விஷயம். உள்ளூர்க்காரர்கள் இருக்கையில் ஒரு துணிப்பையைக்கூட விடமாட்டார்கள். முகாமுக்குள் அவ்வளவு பயமில்லை. பக்கத்து வண்டிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வந்ததும் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லி, முடிந்தால் ஒரு கிண்ணம் கேசரியும் கொடுங்கள். எந்தப் பூட்டையும்விட அந்தக் கண்களை நான் நம்புகிறேன்.

ஐரோப்பாவிலிருக்கும் வாசகர்கள் ‘இரவில் மயக்கவாயு அடித்துக் கொள்ளையடிக்கிறார்களாமே’ என்று கேட்பதுண்டு. பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரி இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது: ஈதரையோ குளோரோஃபார்மையோ ஜன்னல் வழியாகச் செலுத்தி, தூங்குபவர்களை அவர்கள் அறியாமலே மயக்க முடியாது. நாள் முழுதும் வண்டி ஓட்டிய களைப்பில் வரும் தூக்கமே அவ்வளவு ஆழமானது. அதனால் வாயுவுக்குப் பயந்து கருவி வாங்குவதைவிட, நெடுஞ்சாலை ஓர நிறுத்தங்களில் இரவு தங்குவதைத் தவிர்த்து, முறையான முகாமுக்குப் போய்ச்சேருவதுதான் பயன் தரும்.

சரி, வண்டிக்குள் எங்கே? சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் சிறிய இரும்புப் பெட்டகத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். வாடகை வண்டியில் துளை போட முடியாது. எஃகு வடம் வைத்த சிறு பூட்டுப்பெட்டி கிடைக்கிறது. ஓட்டுநர் இருக்கையின் இரும்புக் காலில் வடத்தைச் சுற்றிப் பூட்டி, பெட்டியைக் கண்ணில் படாமல் தள்ளிவிடலாம். மெத்தைக்கு அடி, உடுப்பு இழுப்பறை, குளிர்பெட்டியின் உறைபகுதி ஆகியவை திருடன் முதலில் கைவைக்கும் இடங்கள். அடுப்புக்குள் நோட்டை வைத்தால் கருகிவிடும். கட்டிலுக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஓடும் வண்டிகள் உண்டு. அங்கே வைத்தால் நனையும். பயணம் முடியும் நாளில் காலியாகிவிடும் எந்தப் பாத்திரமும் கூடாது என்பதை எங்கள் அம்மாவின் டப்பா கற்றுக்கொடுத்துவிட்டது.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். அன்றன்றைய செலவு கைப்பையில். ஒரு பங்கு பூட்டுப்பெட்டியில். ஒரு பங்கு உடம்போடு. நம் பாட்டிமார்களின் சுருக்குப்பை இதற்காகத்தானே இடுப்பில் இருந்தது! இரண்டு கார்டு இருந்தால் இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. அதோடு, எங்கே எது இருக்கிறது என்பது கூட வரும் பெரியவர்களில் இன்னொருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும்.

கையில் ரொக்கத்தைக் குறைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. கடல்கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார், பணமூட்டையைச் சுமக்காமல் உண்டியல் சீட்டால் பெருந்தொகைகளை நகர்த்தினார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1891இல் பயணிகள் காசோலையைக் கொண்டுவந்ததும் இதே தேவைக்காகத்தான். இன்று அந்த வேலையைக் கார்டு செய்கிறது.

எஞ்சியிருப்பது நகை. இதைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன். பேத்திக்குக் கொடுப்பதற்கு என்று எடுத்துப்போனால் மகள் வீட்டில் இறங்கிய அன்றே கொடுத்துவிடுங்கள். போட்டுக்கொண்டு திரும்பப்போகும் நகை என்றால், இந்திய விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரிகளிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது ‘இது எங்கே வாங்கியது’ என்ற கேள்வி வராது. மோட்டர்ஹோமில் ஏறும் பத்து நாளுக்குத் தாலிச்சரடும் ஒரு சின்னத் தோடும் போதும். ‘வெறுங்கையாக எப்படி’ என்று எங்கள் அம்மாவும் கேட்டாள். பத்து நாளும் வளையல் பருப்புக்குள்தான் இருந்தது. அவள் கை வெறுங்கையாகத்தான் இருந்தது.

மீறி ஏதாவது தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். காப்பீட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அதுதான் அடிப்படை. வண்டிக்குப் போட்ட காப்பீடு பெரும்பாலும் உங்கள் சொந்தப் பொருள்களுக்குப் பொருந்தாது. பயணக் காப்பீட்டிலும் ரொக்கத்துக்கு உச்சவரம்பு இருக்கும். ஆளில்லாத வண்டியிலிருந்து போனதற்குப் பணம் தராத பாலிசிகளும் பல. வாங்கும்போதே படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட் போனால் அருகிலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தை அணுகவேண்டும். ஊர் திரும்புவதற்கு அவசரச் சான்றிதழ் தருவார்கள்.

கிளம்புவதற்கு முதல்நாள் இரவு ஒரு தாளில் எழுதுங்கள்: பாஸ்போர்ட் எண், விசா, கார்டைத் தடுக்க அழைக்கவேண்டிய எண், காப்பீட்டு எண், கையிலுள்ள நகைகளின் பட்டியல். கார்டின் ரகசிய எண்ணை மட்டும் எழுதவேண்டாம். ஒரு நகலை ஊரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். இன்னொன்றை வண்டியில் ஏறாத ஒருவரின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். வண்டியை ஒப்படைக்கும் நாளில், சாவியைக் கொடுப்பதற்கு முன், எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்