தொப்பியும் வாயிரும்பும்

2021 ஜூலை கடைசியில் டோக்கியோ ஒலிம்பிக்கின் டிரஸாஜ் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, காட்சியில் ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. மூன்று நான்கு குதிரைகள் வந்துபோன பின்னரே அது என்னவென்று பிடிபட்டது. ஒருவர் தலையிலும் அந்த உயரமான கறுப்புப் பட்டுத் தொப்பி இல்லை. எல்லோரும் தலைக்கவசம் அணிந்திருந்தனர். அவ்வாண்டு ஜனவரி 1 முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அதைக் கட்டாயமாக்கியிருந்தது எனப் பின்னர் அறிந்தேன்.

எனக்குக் குதிரை ஏறத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெரினாவில் சிறுவயதில் ஒருமுறை ஏற்றிவிட்டு உடனே இறக்கிவிட்டார்கள், அவ்வளவே என் அனுபவம். ஆயினும் டிரஸாஜை விட்டுவிட்டுப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வேகமோ தாண்டுதலோ இல்லாமல், ஒரு சதுக்கத்துக்குள் குதிரையை நடக்கவும் நின்ற இடத்தில் தாளமிடவும் குறுக்கே நகரவும் வைத்து, நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடும் கலை அது. இலக்கணம் கற்பிக்கிறவளுக்கு அது பிடித்துப்போவதில் வியப்பில்லை.

தொப்பி போனதற்கு ஐரோப்பாவில் பெரும் வருத்தம் இருந்தது. மரபு போயிற்று, அழகு போயிற்று என்றார்கள். எதன் மரபு என்று சற்றே தோண்டிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. வால் கோட்டும் பட்டுத் தொப்பியும் கழுத்தைச் சுற்றிக் கட்டும் வெள்ளைத் துணியும் இங்கிலாந்தின் நரி வேட்டைக் களத்திலிருந்து வந்தவை. கழுத்துத் துணி, விழுந்து அடிபட்டால் ஆளுக்கோ குதிரைக்கோ கட்டுப்போடப் பயன்பட்டது என்பார்கள். குதிரையின் இடப்புறமிருந்து ஏறும் வழக்கம் இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்தது. பிடரி மயிரைப் பின்னி முடிச்சிடுவது அது வாரில் சிக்காமலிருக்க. அதாவது, மரபு என இன்று நாம் கைகூப்பும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் அன்றாட வசதி. வசதி மறைந்து வடிவம் மட்டும் எஞ்சும்போதுதான் அதற்கு மரபு என்று பெயர் வருகிறது போலும்.

ஆனால் வடிவத்தோடு வேறொன்றும் எஞ்சியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டிரஸாஜ் குழுப்போட்டியில் ஸ்வீடன் தங்கம் வென்றது. அக்குழுவிலிருந்த கேனால் பெர்சன் உண்மையில் சார்ஜெண்ட். அதிகாரி அந்தஸ்து இல்லாதவர்களுக்கு அன்று அப்போட்டியில் இடமில்லை. எனவே போட்டிக்காக அவரை லெப்டினண்ட் ஆக்கினார்கள், முடிந்த சில வாரங்களில் பழைய நிலைக்கே இறக்கினார்கள். விஷயம் தெரிந்ததும் 1949-ல் பதக்கம் பறிக்கப்பட்டு பிரான்சுக்குத் தரப்பட்டது. அவர் குதிரையைச் சரியாக நடத்தவில்லை என்று எவரும் சொல்லவில்லை. தோளில் இருந்த பட்டை தவறு, அவ்வளவே. விதி தளர்ந்த பின் அதே பெர்சன் 1952-லும் 1956-லும் குழுவோடு தங்கம் வென்றார்.

1952 ஹெல்சிங்கியில்தான் பெண்களுக்கும் வழி திறந்தது. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், போலியோவால் முழங்காலுக்குக் கீழ் இயக்கம் இழந்தவர், குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியவர், ஜூபிலி என்னும் பெட்டைக்குதிரையில் வெள்ளி வென்றார். காலால் குதிரையோடு பேச முடியாத ஒருவர், உடலின் எடையை மாற்றுவதன் மூலமாகவே பேசினார் என்பதை நினைக்கும்போது, உடையைப் பற்றிய சர்ச்சைகள் அனைத்தும் சிறுத்துப்போகின்றன.

உடை விதிகளின் நுணுக்கத்துக்கும் குறைவில்லை. கோட்டின் நிறம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கவேண்டும் என்பதை, ஒரு வண்ண அளவுகோலில் ஒளிர்வு 32 சதவீதத்துக்குக் கீழே என்று எழுதிவைத்திருந்த காலமும் உண்டு. இதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முன்பு நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், பெண் ஆசிரியர்கள் சேலைக்கு மேல் ஓவர்கோட் அணியவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதன் நிறமும் நீளமும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. காரணம் கேட்ட தோழியிடம் "கல்லூரியின் மரபு" என்றார்கள். அந்த மரபுக்கு அப்போது வயது ஒரு வாரம்.

ஆகவே, உடையைப் பொறுத்தவரை நான் தன் விருப்பத்தின் பக்கம்தான். நீல நிறக் கோட்டு அணியட்டும், காலரில் படிகக் கற்கள் பதித்துக்கொள்ளட்டும். அணிபவரின் உடல் அது. வியன்னாவின் ஸ்பானியக் குதிரைப் பள்ளியில், பழுப்புக் கோட்டும் இருமுனைத் தொப்பியுமாக நுழையும் வீரர்கள், தொப்பியைக் கழற்றி ஆறாம் சார்லஸ் பேரரசரின் ஓவியத்துக்கு வணக்கம் செலுத்துகிறார்கள். அது போட்டியன்று, ஒரு காட்சி. அங்கே பழமையே சரக்கு. அந்தப் பள்ளியே 2008-ல் முதன்முதலாகப் பெண்களைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டது. தொப்பிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

தொப்பிக்கு வருந்தியவர்களிடம் ஒன்றை நினைவூட்டலாம். 2010 மார்ச்சில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பங்கேற்ற அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்ததில் தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். தலையில் கவசம் இல்லை. தலைக்கவசத்துக்கான இயக்கம் அதன் பிறகே சூடுபிடித்தது.

இதுவரை எளிது. மனிதன் அணிவதிலிருந்து குதிரை அணிவதற்கு வரும்போதுதான் எனக்குத் தடுமாற்றம் தொடங்குகிறது.

குதிரையின் நெற்றிப்பட்டையில் கற்கள் பதிப்பதையும் காதுக்கு வண்ண உறை போடுவதையும் சுய வெளிப்பாடு என்கிறார்கள் இளையவர்கள். யாருடைய சுயம்? மறுபக்கம் மரபுவாதிகள் இரட்டைக் கடிவாளத்தைக் காக்கிறார்கள். அதில் குதிரையின் வாய்க்குள் இரண்டு இரும்புகள். ஒன்றின் இருபுறமும் தண்டுகள் உண்டு. தாடைக்கடியில் ஒரு சங்கிலி. வாரைச் சற்றே இழுத்தால் தண்டு நெம்புகோலாக வேலை செய்து, கையின் விசையைப் பெருக்கி வாயில் இறக்குகிறது. தேர்ந்த கையில் அது மெல்லிய சொல் எனவும், முரட்டுக் கையில் கூச்சல் எனவும் சொல்வார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை அந்த உயர்நிலைப் போட்டியில் அது கட்டாயம். சில நாடுகளின் உள்நாட்டுப் போட்டிகளிலோ ஒற்றை இரும்பா இரட்டையா என்பது ஆடுபவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அதனால் கலை அழிந்துவிட்டதாகத் தகவல் இல்லை.

இதை யாப்போடு ஒப்பிடும் ஆசை என் போன்றோருக்கு வருவது இயல்பு. யாப்பு என்றாலே கட்டுதான். தளை என்பது விலங்கும்கூட. கட்டுக்குள் நின்றுதான் நடை அழகாகிறது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். டிரஸாஜ் ரசிகர்களும் கடிவாளத்தைப் பற்றி ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். ஆனால் தளை தட்டினால் வெண்பாவுக்கு வலிப்பதில்லை. இந்த ஓர் இடத்தில் என் உவமை உடைந்துவிடுகிறது, அதை ஒட்டவைக்க நான் முயலப்போவதில்லை.

மூக்குப்பட்டை இன்னும் கண்ணுக்குத் தெரியாத விஷயம். குதிரை வாயைத் திறந்தால் மதிப்பெண் குறையும், எனவே வாய் திறக்காதபடி இறுக்கிக் கட்டிவிடும் வழக்கம் பரவியது. பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையவேண்டும் என்பது பழைய நெறி. அதைப் பலரும் பேசினர், சிலரே பின்பற்றினர். யாருடைய விரல் என்ற கேள்வியும் இருந்தது. 2025-ல்தான் எல்லாப் போட்டிகளுக்கும் பொதுவான ஓர் அளவுகருவியைக் கூட்டமைப்பு கொண்டுவந்தது. தொப்பிக்கு எழுந்த ஒப்பாரியோடு ஒப்பிட்டால் இது அதிகம் பேசப்படாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மரபுக்காரரும் புதுமைக்காரரும் எதிரெதிரே நின்று வாதிடுகிறார்கள். இருவரும் அமர்ந்திருப்பதோ வாய் கட்டப்பட்ட ஒரு மூன்றாமவர் முதுகில்.

2012 லண்டனில் பட்டுத் தொப்பிகளுக்கு நடுவே தலைக்கவசத்தோடு வந்து வலெக்ரோ மேல் தங்கம் வென்ற ஷார்லட் டுஜார்டினை நானும் கொண்டாடியிருக்கிறேன். மரபை மீறிய தலை என்று நண்பர்களிடம் சொன்னேன். 2024-ல், பாரிஸ் போட்டிக்குச் சில நாட்களுக்கு முன், பயிற்சியின்போது அவர் ஒரு குதிரையின் கால்களில் நீண்ட சாட்டையால் மீண்டும் மீண்டும் அடிக்கும் பழைய காணொளி வெளிவந்தது. போட்டியிலிருந்து விலகினார், ஓராண்டுத் தடையும் பெற்றார். அந்தக் காணொளியை நான் ஒருமுறைதான் பார்த்தேன். அவர் தலையில் என்ன அணிந்திருந்தார் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.