தண்ணீரில்லாக் காட்டுக்கு யார் போவது?

"தண்ணீரில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்ற மிரட்டல் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன வசனம். அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேரளத்தில் கேட்டால் அட்டப்பாடி என்பார்கள், தேவிகுளம் என்பார்கள், வட்டவடை என்பார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அது வெறும் பேச்சும் அல்ல. கோடையில் அங்கே குடங்கள் வரிசையில் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

தண்டனையாக வந்து சேர்ந்த உத்தியோகஸ்தர் எப்படி வேலை செய்வார்? வந்த வாரமே திரும்பிப் போவதற்கு மனு எழுதுகிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மலையிறங்கினால் திங்கட்கிழமை பஸ்ஸில்தான் அவரைப் பார்க்கலாம். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், குடியிருக்க வீடு வேண்டும், பேச நாலு பேர் வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டில் தண்டனை பெறுவது உத்தியோகஸ்தரா, ஊரா?

டாக்டரும் இன்ஜினீயரும் விவசாய அதிகாரியும் வெளியிலிருந்து வர வேண்டும், ஊரில் பிறந்து படித்த பிள்ளைகள் வெளியே போக வேண்டும் என்பதே எல்லைப்புறக் கிராமங்களின் தலையெழுத்தாகிவிட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேடு தாலுகாவில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. சம்பளமில்லாமல் லயங்களில் அடைந்து கிடந்த குடும்பங்கள் பிள்ளைகளைத் திருப்பூருக்கும் கோவைக்கும் அனுப்பின. படித்தவர்கள் இன்னும் தூரம் போனார்கள். லயத்தில் பிறந்த பெண் வெளியூரில் நர்ஸ் வேலை பார்ப்பாள். அவள் தாய்க்கு நெஞ்சுவலி வந்தால் தேனிக்கோ கோட்டயத்துக்கோ ஜீப் பிடிக்க வேண்டும்.

கிராமத்துக்கென்றே ஆட்களைப் பயிற்ற வேண்டும் என்ற யோசனை புதிதல்ல. எல்லைக்கு அப்பால், திண்டுக்கல்லுக்கு அருகே 1947-இல் காந்தி கிராமம் அதற்காகவே தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் டாக்டர் சௌந்திரமும், அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும். ராமச்சந்திரன் நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளி. தமிழ்க் கிராமத்துக்கு ஒரு மலையாளி உழைத்தார் என்பதை எல்லைத் தகராறு பேசுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. 1956-இல் மத்திய சர்க்கார் நாட்டின் பல பகுதிகளில் கிராமியக் கல்வி நிலையங்களைத் திறந்தபோது காந்தி கிராமம் அவற்றில் ஒன்றாயிற்று; கோவைக்கு அருகே பெரியநாயக்கன்பாளையமும் இடம் பெற்றது. 1976-இல் காந்தி கிராமத்துக்குப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது.

நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டம் என்று ஒன்று வந்துவிட்டால், அதை வைத்துப் பட்டணத்தில் என்ன வேலை கிடைக்கும் என்ற கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. கோழிக்கோட்டில் பிறந்த வர்கீஸ் குரியன், விவசாயிகளின் சங்கங்களை நடத்தப் படித்த நிர்வாகிகள் வேண்டும் என்று 1979-இல் குஜராத்தில் உள்ள ஆனந்தில் ஒரு கல்வி நிலையம் அமைத்தார். அங்கே படித்தவர்களிலும் ஒரு பகுதியினர் பெரிய கம்பெனிகளுக்குத்தான் போனார்கள். ஆகவே கிராமத்தைப் பற்றிப் படித்தவரைத் தயார் செய்வது ஒன்று. கிராமத்தில் தங்குகிறவரைத் தயார் செய்வது வேறொன்று. இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சர்க்கார்கள் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

தங்குகிறவரைத் தயார் செய்ய முடியும் என்பதற்கு ஒரு சாட்சி தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் சிட்டிலிங்கி என்றொரு பள்ளத்தாக்கு. மலைவாசிகளும் லம்பாடிகளும் வாழும் இடம். 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இருவரும் மலையாளிகள், ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், காந்தி கிராமத்து ஆஸ்பத்திரியில் சிறிது காலம் வேலை பார்த்தவர்கள். சௌந்திரமும் ராமச்சந்திரனும் விதைத்தது அவ்வளவு வீண் போகவில்லை என்றும் சொல்லலாம்.

அவர்கள் போனபோது பக்கத்து ஆஸ்பத்திரி ஏறக்குறைய 50 கிலோமீட்டரில். ஆபரேஷன் என்றால் சேலம்தான். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைக் காணாமல் இறந்துகொண்டிருந்தன. கூரை வேய்ந்த ஒரு குடிசையைப் போட்டு, அதிலேயே வைத்தியம் பார்த்தார்கள், பிரசவமும் பார்த்தார்கள். இதுவரை இது இரண்டு நல்ல மனிதர்களின் கதை. நாட்டில் அப்படிப்பட்டவர்கள் அங்கங்கே உண்டு; அவர்கள் போனதும் கதையும் போய்விடும். சிட்டிலிங்கியில் நடந்தது அதற்கு மேலே.

அந்த ஊர்ப் பெண் பிள்ளைகளையே அவர்கள் பயிற்றினார்கள். எட்டாவது, பத்தாவது வரை படித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்கள் காயத்துக்குக் கட்டுப் போடவும், பிரசவம் பார்க்கவும், ஆபரேஷனுக்கு உதவவும் கற்றார்கள். ஒவ்வொரு சிற்றூரிலும் வயதான பெண்களைத் தேர்ந்தெடுத்து, பிறந்த குழந்தையை எப்படிப் பார்ப்பது, வயிற்றுப்போக்குக்கு என்ன கொடுப்பது, எப்போது தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளியின் பாஷை பேசுகிறவர்கள், மாற்றல் கேட்காதவர்கள், வெள்ளிக்கிழமை மலையிறங்காதவர்கள். குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 20 என்ற அளவுக்கு இறங்கியது. பின்னர் அதே மக்களிடையே இயற்கை விவசாயச் சங்கமும், லம்பாடிப் பெண்களின் கைவேலைத் தொழிலும் எழுந்தன.

இதோடு அட்டப்பாடியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே பணம் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1996-இல் ஜப்பான் கடனுதவியோடு ஒரு பெரிய திட்டம் வந்தது. மதிப்பீடு 219 கோடி ரூபாய். மொட்டையாகிப்போன மலைகளில் மரம் வைத்தார்கள், தடுப்பணை கட்டினார்கள், வறண்டு கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மறுபடியும் தண்ணீர் ஓடியது. பழங்குடி ஊர்களில் குழுக்கள் அமைத்து அவர்கள் கையாலேயே வேலைகளைச் செய்ததும் பாராட்டத் தக்கதே. ஆனால் திட்டத்துக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தது, கதவு சாத்தினார்கள், பத்தாண்டு வேலை பழகிய ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2013-இல் அட்டப்பாடியில் சத்துக்குறைவால் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டபோது, வெளியூர்களிலிருந்து டாக்டர் குழுக்களை அனுப்ப வேண்டியிருந்தது.

பயிற்சி கொடுக்க இடமில்லை என்றும் சொல்வதற்கில்லை. பாலக்காட்டில் 2014-இல் தாழ்த்தப்பட்டோர் வளர்ச்சித் துறையே ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. இடுக்கியிலும் அதே ஆண்டு கல்லூரி வந்தது. 2016-இல் அங்கீகாரம் போய், மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டு, 2022-இல்தான் மறுபடி வகுப்பு தொடங்கியது. (ரயிலே இல்லாத மாவட்டத்துக்குக் கல்லூரியும் இப்படி நின்று நின்று வருவதில் வியப்பில்லை போலும்.) பாலக்காட்டை அடுத்த முண்டூரில் சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் கிராமியத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. சித்தூர், மூணாறு அரசுக் கல்லூரிகளில் தமிழ்த் துறையும் உண்டு. ஆள் இருக்கிறது, இடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஆளில்லை.

பாஷையை அற்ப விஷயமாக ஒதுக்கிவிடக் கூடாது. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் கிழவி "உள்ளுக்குள்ள பிசையுது" என்றால் அது எங்கே, எப்படி என்று தமிழ் தெரிந்தவருக்குத்தான் விளங்கும். அட்டப்பாடி இருளர் பேச்சும் தமிழுக்கு நெருங்கியதே. தமிழும் மலையாளமும் தெரிந்தவர் வேண்டும் என்று கிளார்க் பதவிக்குத் தனியாக விளம்பரம் செய்கிற பி.எஸ்.சி.க்கு, எல்லைப்புற நர்ஸ் பதவிக்கும் விவசாய அதிகாரி பதவிக்கும் அதே முறையைக் கையாள்வதில் என்ன தடை? சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு நர்சிங், விவசாயம், நீர்ப் பாசனம் ஆகிய படிப்புகளில் சில இடங்களை ஒதுக்கி, செலவைச் சர்க்கார் ஏற்று, குறிப்பிட்ட ஆண்டுகள் சொந்தத் தாலுகாவில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதி வாங்கலாம்.

இதில் ஓர் அபாயமும் இருக்கிறது. உள்ளூர் ஆள் என்றால் மலிவான ஆள் என்று அர்த்தம் செய்துகொள்வது சர்க்காருக்குக் கைவந்த கலை. ஆஷா ஊழியர்கள் அனைவரும் உள்ளூர்ப் பெண்கள்தான். வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள்தான். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம் போதாது என்று 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தவர்கள், வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் கூடியது 1,000 ரூபாய். ஊரில் தங்குகிறவளுக்கு இந்தக் கதி என்றால், லயத்துப் பெண் எதற்காக ஊருக்குத் திரும்பி வருவாள்?

மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்பது இப்போது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று விதியில்லை. வட்டவடையிலும், 2010-இல் தனிப் பஞ்சாயத்தான இடமலக்குடியிலும், மூடிய தோட்டங்களின் லயங்களிலும் குடும்பங்கள் இருக்கின்றன. இடுக்கியில் 2022-இல் சேர்ந்த பிள்ளைகள் 2028 வாக்கில் டாக்டர்களாக வெளியே வருவார்கள். அதற்குள் அவர்களை ஒருமுறையாவது வட்டவடை பஸ்ஸில் ஏற்றிவிடுவது கல்லூரி நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது.