என்ன நோவு என்று கேளுங்கள்

திருப்பத்தூர் மாவட்டத்தின் மாதனூர்ப் பக்கம் வலியை 'நோவு' என்பார்கள். இடுப்பு நோவுது, தோள்பட்டை நோவுது என்று தொடங்கும் பேச்சு அத்தோடு நின்றுவிடாது. முழங்காலில் குடைச்சல், மணிக்கட்டில் கடுப்பு, கழுத்தில் பிடிப்பு, பாதத்தில் எரிச்சல், விரலில் மதமதப்பு, புண்ணில் விண்விண்ணென்று தெறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. எரிச்சலும் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் பெரும்பாலும் நரம்பைக் காட்டுபவை. குடைச்சல் மூட்டைக் காட்டும். இழுத்துப் பிடிப்பது தசையைக் காட்டும். விண்விண்ணென்று தெறித்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். எந்தப் பரிசோதனைக்கும் முன்பாக, நோயாளியின் வாய்ச்சொல்லிலேயே நோயின் பாதி விவரம் வந்துவிடுகிறது.

மருத்துவரின் மேசையைச் சேர்வதற்குள் அத்தனை சொற்களும் 'உடம்பு வலி' என்ற ஒன்றாகச் சுருங்கிப் போகின்றன. ஒரு டைக்ளோஃபினாக் ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை, வயிறு புண்ணாகாமல் இருக்க இன்னொரு மாத்திரை. நோவு திரும்பி வந்தால் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் இனியும் தொடரக் கூடாது. வலியைக் கேட்டு, அளந்து, எழுதி வைத்து, அதன் வகை அறிந்து மருத்துவம் செய்யும் முறை மாதனூர் ஒன்றியத்தின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தொடங்கப்பட வேண்டும். தோல் தொழிலை நம்பி வாழும் இந்த வட்டாரத்தின் சார்பில் இதை நாம் உரிமையோடு கேட்கிறோம்.

அந்த உரிமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வலி எதற்காக இருக்கிறது என்பதை உலக மருத்துவம் கற்றுக்கொண்டதில் வேலூருக்கும் அதை அடுத்த கரிகிரிக்கும் பெரும் பங்கு உண்டு.

1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு, தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அழைத்ததன் பேரில் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல்கள் தானாக உதிர்ந்துவிடும் என்றே அன்று மருத்துவர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒருவர் கைகொடுத்தபோது, அந்தப் பிடியின் வலு பிராண்டைத் திகைக்க வைத்தது. தசை சாகவில்லை என்றால் விரல்கள் எங்கே போகின்றன?

விடை சிறு சிறு நிகழ்ச்சிகளாக வந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியைப் பிடித்து எளிதாகத் திருகிவிட்டான். பார்த்தால் அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. ரத்தம் சொட்டியது அவனுக்குத் தெரியவே இல்லை. சிகிச்சை முடிந்தவர்கள் தங்கியிருந்த நவஜீவ நிலையத்தில், இரவில் நன்றாக இருந்த விரல் விடிந்தபோது குறைந்திருந்தது. விழித்திருந்து கவனித்தபோது எலிகள் கடித்துத் தின்றது தெரியவந்தது. வலி இல்லாததால் தூங்கியவர் விழிக்கவில்லை. அதன்பின் அங்கிருந்தவர்களுக்குப் பூனைகள் கொடுத்தார்கள். தொழுநோய்க் கிருமி நரம்பைக் கொல்கிறது, நரம்போடு வலி போகிறது, வலி போனபின் சுடுபாத்திரமும் முள்ளும் கல்லும் கையையும் காலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன. மருத்துவ உலகம் தொழுநோயைப் பார்த்த விதத்தையே மாற்றிய முடிவு இது.

1955இல் கரிகிரியில் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆய்வு மருத்துவமனையில், உணர்விழந்த பாதத்தைக் காப்பாற்ற என்ன செருப்பு வேண்டும் என்பதே ஒரு பெரிய ஆராய்ச்சியாக நடந்தது. நடக்கும்போது அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவச் செய்யும் மென்மையான ரப்பர் அடித்தட்டு வந்தது. இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று எல்லோரும் சொல்வது அந்த வழியில் வந்ததுதான். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், வலிக்குப் பதிலாக எச்சரிக்கை தரும் கருவி ஒன்றைச் செய்ய ஆண்டுக்கணக்கில் உழைத்தார். வேலை கெடுகிறதே என்று நோயாளிகள் அந்தக் கருவியை நிறுத்திவிட்டார்கள். இயற்கை தந்த வலியை அப்படி நிறுத்த முடியாது. அது பிடிவாதமாக இருப்பதால்தான் உடம்பைக் காக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இப்படி ஒரு பாடம் பிறந்த மண்ணில், வலி எதைச் சொல்ல வருகிறது என்று கேட்காமலே அதன் வாயை மாத்திரையால் அடைக்கிறோம். மனம் பொறுக்காத விஷயம் இது. நோயாளி வலி நீங்காமல் துடிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நிவாரணம் அன்றே, அந்த மணியிலேயே கிடைக்க வேண்டும். காரணத்தைக் கேட்பது அதோடு சேர்ந்தே நடக்க வேண்டும். சில வலிகளில் எந்தச் செய்தியும் மிஞ்சியிருக்காது. பழுதான நரம்பு தானே எழுப்பும் வெற்றுக் கூச்சலாக வலி மாறியிருக்கும். அப்போது வலியே நோய். அதற்கு டைக்ளோஃபினாக் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின் போன்ற விலை குறைந்த நரம்பு வலி மருந்துகள் உதவும். எந்த வலி எந்த வகை என்று கேட்டால்தானே தெரியும்?

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு கணித்தது. முதலில் பாதம் எரியும். இரவில் போர்வை பட்டாலே தாங்காது. சில ஆண்டுகளில் எரிச்சல் அடங்கிவிடும். சரியாகிவிட்டது என்று நோயாளி மகிழ்கிறார். உண்மையில் நரம்பு செத்துவிட்டிருக்கும். கரிகிரியில் பார்த்த அதே பாதம், வேறு நோயின் பெயரோடு திரும்பி வருகிறது. செருப்புக்குள் கிடந்த ஆணி தெரியாது. புண் தெரியாது. தெரியும்போது விரலையோ காலையோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். எரிச்சல் கட்டத்திலேயே கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை, கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் தொட்டுப் பார்த்தால் போதும். தூண்டில் நரம்பு போன்ற அந்த இழையைப் பிடிக்கச் செவிலியருக்கு அரை மணிப் பயிற்சி போதும்.

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காக்க 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் உணர்வில்லை என்று கண்டுபிடித்தபின் அந்தக் காலுக்குச் செருப்பு வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையின் இத்தனை ஊர்கள் உலகத்துக்குக் காலணி செய்து அனுப்புகின்றன. அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே காலணி வடிவமைத்திருக்கிறது. வடிவமும் இருக்கிறது, கைத்திறனும் இருக்கிறது, தோலும் ரப்பரும் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் பாதம் மரத்துப்போன ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி பாதுகாப்புக் காலணியை இங்குள்ள ஏற்றுமதி நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தர வேண்டும். கணக்கெடுப்பை அரசு செய்யட்டும், காலணியைத் தொழில்துறை தரட்டும்.

அந்தக் காலணிகளைச் செய்கிறவர்களின் உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். காலையில் நெடுஞ்சாலையோரம் கம்பெனி வண்டிக்காக நிற்கும் பெண்களுக்கு மிஷினில் காலணியின் மேல்பகுதியான அப்பர் தைப்பது வேலையாக இருக்கலாம், பசை தடவுவதாக இருக்கலாம். ஒரே அசைவு, ஒரே குனிவு, நாள் முழுவதும். தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோலைத் தூக்கிப் புரட்டும் ஆண்களுக்கு இடுப்பு நோவு. இவர்களுக்கு வரும் கழுத்துப் பிடிப்பும் மணிக்கட்டுக் கடுப்பும் விரல் மதமதப்பும் வேலையால் வருபவை. சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, அறிவிக்க வேண்டிய தொழில் நோய்கள் 29ஐப் பட்டியலிட்டது. தோல் தொழிலாளிக்கு வரும் குரோமியப் புண் அதில் உண்டு, ஆந்த்ராக்ஸ் உண்டு. தசை, மூட்டு, நரம்பு வலி ஒன்றுகூட இல்லை. 2020இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஏறக்குறைய அதே பட்டியலை வைத்துக்கொண்டது. உலகத் தொழிலாளர் அமைப்போ தன் 2010ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே தசை, எலும்பு சார்ந்த நோய்களைத் தனிப் பிரிவாக வைத்து, மணிக்கட்டு நரம்பு நெருக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டது. தோலில் தெரியும் புண்ணை நம் சட்டம் நம்புகிறது, தொழிலாளி சொல்லும் நோவை நம்பவில்லை. மத்திய அரசு அந்த அட்டவணையைத் திருத்த வேண்டும், அதுவரை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் வலியோடு வருகிறவர் செய்யும் வேலை எது என்பதைச் சீட்டில் எழுதும் வழக்கத்தையாவது தொடங்க வேண்டும்.

நம்புவது மருத்துவத்தின் பாதி. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகவே எழுதியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, அதனால் உனக்கு வலி இல்லை என்று சொல்லி அனுப்புவது இனி எந்த மருத்துவ நூலின்படியும் சரியாகாது. பெண்கள்தான் இந்தச் சொல்லை அதிகம் கேட்டுத் திரும்புகிறார்கள்.

ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வரிசையில் காத்திருக்கும் நேரம் நோயாளியிடம் இருக்கிறது. வலி ஆய்வாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட வினாத்தாள், வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து, நோயாளியே தேர்ந்து சொல்லும்படி வைத்தது. நமக்கு அத்தனை வேண்டாம். எரிச்சல், மதமதப்பு, குடைச்சல், கடுப்பு, பிடிப்பு, குத்தல், தெறிப்பு என்று நம் மக்கள் வாயில் இருக்கும் சொற்களை ஒரு அட்டையில் அச்சடித்து, எங்கே, எத்தனை நாளாக, பத்துக்கு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளோடு செவிலியர் குறித்துக் கொடுத்தால், மருத்துவருக்கு நேரம் மிச்சமாகவே செய்யும். கூலியை விட்டு வந்தவர் ஒரு ஊசி போடுங்கள் என்று கேட்பதும் உண்மை. அந்த ஊசியின் விலையை அவருக்கு யாரும் சொல்வதில்லை. வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் கெடலாம். ஊசியில் ஸ்டீராய்டு கலந்தால் சர்க்கரை ஏறும்.

புற்றுநோயின் கடைசிக் கட்ட வலிக்கு மார்ஃபின் கிடைப்பதும் இதே நம்பிக்கைப் பிரச்சினைதான். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வைப்பதையே நிறுத்தின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகும், 2017இல் வந்த லான்செட் ஆணைய அறிக்கை, இந்தியாவின் தேவையில் 4 விழுக்காடு மட்டுமே நிறைவேறுவதாகக் கணக்கிட்டது. மார்ஃபினுக்கு மூலமான ஓபியத்தைச் சட்டப்படி பயிரிட்டு உலகத்துக்கே விற்கும் நாடு இது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மட்டுமாவது மார்ஃபின் எந்நாளும் இருப்பில் இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் கம்பெனி வண்டி ஏறுவதில்லை. ஈ.எஸ்.ஐ. அட்டையும் கிடையாது. ஏஜென்ட் கொண்டுவந்து போடும் அப்பரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்கள். ஆம்பூர் வட்டாரத்தில் இவர்களைச் சந்தித்து 2016இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று, அவர்களது கைவலியையும் கழுத்து, முதுகு வலியையும் பதிவு செய்தது. இவர்கள் வீட்டு வாசலுக்கே போகும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்தோடு இயன்முறை சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அடங்கும். மாத்திரை கொடுக்க வரும் பணியாளர் திண்ணையில் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம், எங்கே நோவுது, எப்படி நோவுது அக்கா என்று கேட்டு அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொண்டு போனால், அடுத்த வாரம் இயன்முறை மருத்துவர் அந்த வாசலுக்கு வர வழி பிறக்கும். திருப்பத்தூர் மாவட்ட சுகாதார அலுவலர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், மாதனூர் ஒன்றியத்தில் இதை அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.