காற்றுக்கு ஒரு மதில்

வீடு கட்ட மனை பார்க்கப் போகிறவர்கள் முதலில் என்ன விசாரிப்பார்கள்? தண்ணீர் எப்படி, பாதை எப்படி, அக்கம் பக்கத்தார் எப்படி என்று விசாரிப்பார்கள். கனடா தேசத்தின் வடபகுதியில் 1970-ஆம் ஆண்டையொட்டி ஓர் ஊரையே கட்ட முனைந்தவர்களுக்கு வேறு மூன்று கேள்விகள் முன்னே வந்து நின்றன. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது? குளிர்காலத்தில் சூரியன் எவ்வளவு உயரம் ஏறுகிறான்? விழுந்த பனி எங்கே போய்ச் சேருகிறது? இந்த மூன்றுக்கும் விடை சொல்லும் முறையில் அவர்கள் காகிதத்தில் ஒரு நீண்ட கோட்டைப் போட்டார்கள். அந்தக் கோடு 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கட்டிடமாக எழும்பி இன்றும் நிற்கிறது.

அந்த ஊருக்குப் பெர்மோன் என்று பெயர். பிரெஞ்சுப் பாஷையில் 'இரும்பு மலை' என்று பொருள். கியூபெக் மாகாணத்தில், லாப்ரடார் எல்லையோரத்தில், மவுண்ட் ரைட் என்னும் இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டப்பட்ட ஊர் அது. 1974-இல் முறைப்படி நகரமாயிற்று. ஜனத்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். ஆகாய விமானத்திலிருந்து பிடித்த படத்தைப் பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் காடும் ஏரியுமாயிருக்கும் வனாந்தரத்தில், அம்பு முனைபோல் மடங்கிய நீண்ட மதில் ஒன்று கிடப்பதும், அதன் அணைப்பில் சிறு வீடுகள் கோழிக்குஞ்சுகள்போல் ஒண்டிக்கொண்டிருப்பதும் தெரியும்.

அந்த மதில்தான் நாம் சொன்ன கட்டிடம். ஐந்து மாடி உயரம். அதற்குள்ளே குடித்தன வீடுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடம், கடைகள், ஹோட்டல், நீச்சல் குளம் முதலியவையும் இருக்கின்றன. அதற்குள் குடியிருக்கும் ஒருவர், மனமிருந்தால், குளிர்காலம் முழுவதும் வாசற்படியைத் தாண்டாமலே குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, சாமான் வாங்கி, சிநேகிதர்களையும் கண்டு பேசிவிட்டு வரலாம். அவ்விடத்துக் குளிர்காலமோ ஏறக்குறைய ஏழு மாதம். சில இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியைத் தொடும். செண்டிகிரேடா, பாரன்ஹீட்டா என்று வாசகர்கள் கேட்க வேண்டியதில்லை. அந்த ஓர் இடத்தில் இரண்டு அளவுகளும் ஒன்றாகிவிடுகின்றன!

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், குளிரோடு காற்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் காற்றில்லாமல் நிற்பது ஒரு விஷயம். அதே 30 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், கனடிய வானிலை இலாகாவின் கணக்குப்படி, திறந்திருக்கும் முகத்துக்கு அது 46 டிகிரிக் குளிராகிவிடுகிறது. உடம்பைச் சுற்றியிருக்கும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலத்தைக் காற்று வழித்துக்கொண்டு போய்விடுவதே காரணம். வீட்டுச் சுவருக்கும் இதே கதிதான். ஆகையால் காற்றை நிறுத்தினால் பாதிக் குளிரை நிறுத்தியது போல.

பெர்மோனுக்கு ஆபத்தான காற்று வடமேற்கிலும் வடக்கிலுமிருந்து வருகிறது. ஊரின் அந்தப் பக்கத்தில் உயர்ந்த கட்டிடத்தை நிறுத்தினார்கள். தாழ்ந்த வீடுகளைத் தெற்கே வைத்தார்கள். இந்த ஏற்பாட்டில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பெர்மோன் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 53 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் மாதத்து நடுப்பகலில் சூரியன் அங்கே அடிவானத்துக்கு மேல் 14 டிகிரிதான் ஏறுகிறான். அப்பொழுது எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப் போல் நாலு மடங்கு நீளும். ஆறு மீட்டர் உயரமுள்ள வீடு 24 மீட்டர் தூரத்துக்கு வெயிலை மறைத்துவிடும் என்றால், ஐந்து மாடிக் கட்டிடம் எவ்வளவு தூரத்தை மறைக்கும்! அதைத் தெற்கே கட்டியிருந்தால் ஊரே இருட்டறையாகப் போயிருக்கும். வடக்கே கட்டியதால் நடுப்பகல் நிழல் ஊருக்கு வெளியே காட்டின்மேல் விழுகிறது. கிடைக்கும் கொஞ்ச வெயிலும் வீடுகளின் முகத்தில் படுகிறது. ஒரே மதில் காற்றை மறிக்கிறது. வெயிலுக்கு வழி விடுகிறது.

மூன்றாவது கேள்வி பனியைப் பற்றியது. புல் நுனியில் காலையில் முத்துப்போல் நிற்கும் பனி வேறு. இது பஞ்சுபோல் வானத்திலிருந்து கொட்டிக் குவியும் வெண்பனி. இது விழுந்த இடத்தில் கிடப்பதில்லை. காற்று அதை மணலைப்போல் வாரிக்கொண்டு போகும். வேகம் குறைந்த இடத்தில் போட்டுவிடும். ஆகவே வீட்டு வாசலைக் காற்றோட்டம் தேங்கும் மூலையில் வைத்தவன், விடிந்ததும் கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

பனியின் இந்தச் சுபாவத்தை அறிந்தவர்கள் அதைக் கொண்டே அதை ஆள்கிறார்கள். பாதி இடைவெளிவிட்டுப் பலகைகளை அடித்த வேலி ஒன்றைக் காற்று வரும் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். காற்று அதனூடே போகும்போது வேகம் குறைந்து, சுமந்து வந்த பனியை வேலிக்கு அப்பால் உதிர்த்துவிடுகிறது. இரண்டு மீட்டர் உயரமுள்ள வேலியின் பின்னே 60 மீட்டர் தூரத்துக்கும் மேல் பனி மேடு நீளக்கூடும். ஆகையால் வேலியைப் பாதையின் பக்கத்திலேயே நட்டால் பாதை புதைந்துபோகும்; தூரத்தில் நட்டால் பாதை பிழைக்கும். ஊசியிலை மரங்களை நெருக்கமாக வைத்தாலும் இதே வேலையைச் செய்யும். அவை குளிர்காலத்திலும் இலை உதிர்க்காதவை. ஆகவே அவற்றை வடக்கே வைப்பது வழக்கம். தெற்கே பூர்ச்சம்போல் இலை உதிர்க்கும் மரங்கள் ஏற்றவை. கோடையில் நிழல் தந்து, குளிர்காலத்தில் மொட்டையாக நின்று வெயிலை உள்ளே விட்டுவிடும்.

வீட்டுக்குள்ளும் இப்படிப் பல நுணுக்கங்கள் உண்டு. வாசலுக்கு இரண்டு கதவு. நடுவே ஒரு சிற்றறை. ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். கூரைப் பனி சரிந்து விழும் பக்கத்தில் வாசல் இருக்கக் கூடாது. பால்கனியைச் சுவரோடு சேர்த்துக் கான்கிரீட்டில் வார்த்தால், கொதிக்கும் பாலில் விட்ட கரண்டி கையைச் சுடுவதுபோல், அந்தக் கான்கிரீட் வீட்டுக்குள்ளிருக்கும் சூட்டை வெளியே கடத்திக்கொண்டேயிருக்கும். ஆகவே அதைத் தனியாகத் தொங்கவிடுவது நலம்.

இந்தப் பால்கனி யுக்தியைக் கையாண்டவர்களில் முக்கியமானவர் ரால்ப் எர்ஸ்கின் என்னும் சிற்பி. 1914-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1939-இல் சைக்கிளில் ஏறிக்கொண்டு ஸ்வீடன் தேசத்துக்குப் போனார், யுத்தம் மூண்டது, அங்கேயே தங்கிவிட்டார். 1942-ஐ ஒட்டி ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே தமக்கும் மனைவி மக்களுக்கும் சிறு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டார். அதற்கு 'பெட்டி' என்றே பெயர். பரப்பு சுமார் 20 சதுர மீட்டர்தான். பகலில் படுக்கையைக் கயிற்றால் இழுத்துக் கூரையோடு தூக்கிவிடுவார்கள். தெற்குப் பக்கம் வெயிலுக்குத் திறந்திருந்தது. வடக்குச் சுவரின் வெளிப்புறத்தில் விறகை அடுக்கி வைத்தார். அடுப்பெரிக்கச் சேர்த்த விறகு, எரிகிற நாள் வரையில் குளிரையும் தடுத்தது! பிற்காலத்தில் எர்ஸ்கின் எத்தனையோ பெரிய கட்டிடங்களைக் கட்டினார். வடக்கே முதுகைக் காட்டு, தெற்கே முகத்தைக் காட்டு என்ற பாடம் அந்த விறகுச் சுவரிலேயே இருந்தது.

பாடம் பெரிதாயிற்று. 1960-களில் ஸ்வீடனின் வடகோடியில், ஸ்வாப்பவாரா என்ற சுரங்க ஊருக்கு எர்ஸ்கின் நீண்ட மதில்வீடு ஒன்றைத் திட்டமிட்டார். அதைக் கண்டு ஊக்கம் பெற்றே மான்ட்ரியல் மக்கில் சர்வகலாசாலைப் பேராசிரியர் நார்பர்ட் ஷோனவர் என்பவரும், மாரிஸ் தெனுவாயே என்ற கட்டிடக் கலைஞரும் பெர்மோன் மதிலை வகுத்தார்கள். ஷோனவர் ஆறாயிரம் ஆண்டு வீடுகளின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதியவர். பாலைவனத்தான் பாலைக்கு ஏற்ற வீட்டையும், பனிநாட்டான் பனிக்கு ஏற்ற வீட்டையும் கட்டிக்கொண்ட வரலாற்றை அறிந்தவர். இனுயிட் ஜனங்களின் பனிக்கட்டி வீட்டில் நுழையும் வழி தாழ்ந்தும் படுக்கும் மேடை உயர்ந்தும் இருப்பானேன்? கனத்த குளிர்காற்று கீழே தங்கும், இளஞ்சூடு மேலே நிற்கும் என்பதை அவர்கள் எந்தக் கலாசாலையிலும் படிக்காமலே கண்டுகொண்டிருந்தார்கள்.

இவ்வளவு அறிவு பூர்வீக ஜனங்களிடம் இருந்தும், வடக்கே சுரங்க ஊர்கள் கட்ட வந்தவர்கள் நெடுநாள்வரை தென்பகுதி நகரங்களின் படத்தையே கொண்டுவந்து பனியில் விரித்தார்கள். அகன்ற தெரு, தனித்தனி வீடு, வீட்டைச் சுற்றிப் புல்வெளி. தெரு அகலமாக அகலமாகக் காற்றுக்குக் கொண்டாட்டம். பனி வாருகிறவர்களுக்குத் திண்டாட்டம். சம்பாதித்துக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவனுக்கு எந்த வீடானால் என்ன? ஆனால் அவன் மனைவியும் குழந்தைகளும் ஏழு மாதம் அந்த வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். பனிநாட்டில் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போவதற்குக் குளிரைவிடத் தனிமையே பெரிய காரணமாகிவிடும். மதிலுக்குள் பள்ளியையும் கடையையும் நீச்சல் குளத்தையும் சேர்த்துக் கட்டியது இதனால்தான். அதன் உண்மையான வேலை மனிதரை மனிதரோடு சேர்த்து வைப்பது.

ஆனால் மதிலால் தடுக்க முடியாத காற்று ஒன்றும் இருக்கிறது. அது சந்தையிலிருந்து வீசுகிறது.

பெர்மோனைக் கட்டிய கியூபெக் கார்டியர் கம்பெனியே அதற்கு முன்பு, 1960-இல், கானியோன் என்று இன்னோர் ஊரைக் கட்டியது. பள்ளி, கோவில், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே இருந்தன. குழந்தைகள் பிறந்து வளர்ந்தார்கள். அருகிலிருந்த தாது தீர்ந்தது. பின்னர் இரும்புக்குக் கிராக்கியும் குறைந்தது. 1985-இல் ஊரை மூடிக் கட்டிடங்களைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்று பே-கோமோவிலிருந்து பெர்மோனுக்குப் போகும் நெடுஞ்சாலை அந்த இடத்தின் ஊடே செல்கிறது. காட்டின் நடுவே திடீரென்று சாலை இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு திட்டும், ஓரத்தில் நடைபாதை விளிம்பும் தென்படும். ஒரு காலத்தில் அது கடைத்தெரு. ஸ்வாப்பவாராவின் நீண்ட மதில்வீட்டிலும் ஒரு பகுதியைப் பிற்காலத்தில் இடித்தார்கள்.

பெர்மோன் பிழைத்திருக்கிறது. மவுண்ட் ரைட்டில் வேலை நடக்கிறது. ஆயினும் அங்கே புதிய கவலை ஒன்று புகுந்திருக்கிறது. விமானத்தில் வந்து இறங்கி, சில வாரம் முகாமில் தங்கி உழைத்து, மறுபடி விமானத்தில் தெற்கே வீடு திரும்பும் தொழிலாளர்கள் பெருகிவிட்டார்கள். கம்பெனிகளுக்கு அது சௌகரியமாயிருக்கலாம். அவர்கள்மேல் குறை சொல்வதற்கில்லை; பிழைப்புக்காக வருகிறார்கள். ஆனால் அவர்களுடைய குழந்தைகள் அந்த ஊர்ப் பள்ளியில் படிப்பதில்லை. அந்த ஊர் ஏரிக்கரையில் அவர்கள் மரம் நடப்போவதில்லை. தங்கி வாழ்வதற்கென்று கட்டிய மதிலுக்கு அருகே, தங்காமல் போகிறவர்களின் கூட்டம் வளர்கிறது.

காற்றின் திசையையும், சூரியன் ஏறும் உயரத்தையும், பனி ஒதுங்கும் மூலையையும் ஒருவன் எப்பொழுது கவனிப்பான்? அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கப்போகிறோம் என்று நினைக்கும்போதுதான் கவனிப்பான். வடக்கே வைத்த ஊசியிலைக் கன்று காற்றை மறிக்கும் உயரத்துக்கு வளரப் பல ஆண்டுகள் செல்லும். அதை நடுகிறவன் தன் பிள்ளைகளுக்காக நடுகிறான். சீதோஷ்ணத்துக்கு ஏற்ற வீடு என்று சொல்வதெல்லாம் முடிவில், 'இந்த மண்ணில் நாங்கள் இருக்கப்போகிறோம்' என்று ஒரு குடும்பம் கொடுக்கும் வாக்குறுதியே. அந்த வாக்கைக் காப்பாற்றக் குடும்பம் மட்டும் போதாது. வேலை கொடுக்கிறவர்களும் ஆளுகிறவர்களும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும்.

பெர்மோன் மதிலின் வடபுறத்தில் இவ்வருஷமும் காற்று வந்து மோதும். அதன் தென்புறத்து வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை மதில் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.