இன்னுமொரு நகரம் வேண்டுமா?

கோடை விடுமுறை நெருங்கும்போது ரொறன்ரோவில் வாழும் எம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஐரோப்பியப் பயணம் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடுகின்றது. இலண்டனில் சித்தப்பா, பாரிஸில் மாமா, சூரிச்சில் பெரியக்கா என்று பயணத்தின் பாதையை முதலில் உறவுகளே வரைகின்றன. விமானச்சீட்டுக்குப் பணம் கட்டி, எங்கே எத்தனை நாள் என்று பங்கிட்டு முடித்து, இனிக் கவலையில்லை என்று நாம் ஓய்ந்திருக்கும் வேளையில் வீட்டில் ஒருவர் கேட்பார்: "இவ்வளவு தூரம் போகிறோம், இன்னொரு நகரத்தையும் பார்த்துவிட்டு வந்தால் என்ன?"

கேள்வி சிறியதுதான். ஆயினும் அகதிகளாய் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அதற்கான விடை அத்தனை எளிதன்று. இவ்வாண்டு எனது வீட்டிலும் அக்கேள்வி எழுந்தமையால், இது பற்றிச் சில எண்ணங்களை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் நாள்களின் கணக்கைப் பார்ப்போம். பதினான்கு நாள் பயணத்தில் இலண்டனுக்கு ஐந்து, பாரிஸுக்கு நான்கு, சூரிச்சுக்கு ஐந்து என்று நாம் ஒதுக்கியுள்ளதாகக் கொள்வோம். இலண்டனிலிருந்து பாரிஸுக்குக் கடலடிச் சுரங்கம் வழியே செல்லும் புகையிரதம் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுக்கின்றது. பாரிஸிலிருந்து சூரிச் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கடிகாரத்தில் இவை சிறிய தூரங்கள். ஆனால் பெட்டி கட்டி, பிள்ளைகளை எழுப்பி, கடவுச்சீட்டுச் சோதனைக்கு நேரத்தோடு நிலையத்தை அடைந்து, இறங்கிய ஊரில் வீடு தேடிச் சேரும்போது ஒரு பகல் முழுவதும் போய்விடும். நான்காவது நகரொன்றைச் சேர்த்தால் பயணத்துக்கு ஒரு நாளும் அந்நகருக்குக் குறைந்தது இரண்டு நாள்களும் வேண்டும். விமானச்சீட்டின் திகதி மாறப்போவதில்லை. ஆகவே அம்மூன்று நாள்களும் சித்தப்பாவிடமிருந்தோ, மாமாவிடமிருந்தோ, பெரியக்காவிடமிருந்தோ எடுக்கப்பட வேண்டியவையே.

அடுத்தது ஆவணங்களின் கணக்கு. கனேடியக் கடவுச்சீட்டு உடையவர்கள் ஷெங்கன் நாடுகளில் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரை விசாவின்றித் தங்கலாம். அவர்களுக்கு இன்னொரு நகரம் என்பது இன்னொரு சீட்டு மட்டுமே. ஆனால் ஒரே குடும்பத்தில் தந்தை குடியுரிமை பெற்றவராகவும், பின்னர் வந்து சேர்ந்த மைத்துனர் 1951 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் அகதிப் பயண ஆவணத்தை வைத்திருப்பவராகவும் இருப்பது எம்மிடையே வழமையான நிலை. அவ்வாவணத்துக்கு விசா தேவையா என்பது செல்லும் நாட்டைப் பொறுத்தது. விசா வேண்டுமாயின், பல நாடுகளுக்குச் செல்பவர் அதிக நாள்கள் தங்கும் நாட்டின் தூதரகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்; நாள்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இடையில் சேர்க்கும் ஒரு நகரம் இந்தக் கணக்கையே மாற்றிவிடக்கூடும். ஷெங்கன் எல்லைக்குள் அடங்காத இலண்டனுக்கு நடுவில் சென்று மீள்பவருக்கு ஒருமுறை நுழைவு விசா போதாது. எனவே நகரத்தைச் சேர்க்குமுன், குடும்பத்தில் மிகவும் பலவீனமான ஆவணத்தை வைத்திருப்பவர் யாரோ, அவரைக் கொண்டே திட்டத்தை வகுத்தல் வேண்டும். மற்றவர்கள் கடந்து சென்றபின் ஒருவர் மட்டும் எல்லையில் ஒதுக்கி நிறுத்தப்படும் அவமானத்தை அறியாதவர்களா நாம்?

மூன்றாவது கணக்கை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். 2016 ஆம் ஆண்டுக் கோடையில் பன்னிரண்டு நாள்களில் ஐந்து நகரங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டோம். வெனிஸைச் சேர்ப்பதற்காகச் சூரிச்சில் இருக்கும் பெரியக்காவுக்கு ஒதுக்கிய மூன்று நாள்களை ஒரே இரவாகக் குறைத்தோம். மாலை ஏழு மணிக்குச் சென்றடைந்தோம். அவர் சமைத்து வைத்திருந்ததை உண்டு முடிக்கவே பத்து மணியாகிவிட்டது. அதன் பின்னரே அவர் உள்ளறையிலிருந்து ஒரு பழைய புகைப்படத் தொகுப்பை எடுத்து வந்தார். ஊரில் எமது வீடு எரிந்தபோது எங்களிடம் இருந்த படங்கள் யாவும் அழிந்தன. திருமணமாகிச் சென்றபோது அக்கா தன்னுடன் கொண்டுபோனவை மட்டுமே எஞ்சின. பிள்ளைகள் அதற்குள் உறங்கிவிட்டனர். மறுநாள் காலை ஏழு மணிக்குப் புகையிரதம். "நாளைக்கே போறியளோ?" என்று மட்டும் அக்கா கேட்டார். நான்கு பக்கங்களோடு தொகுப்பை மூடினோம்.

பின்னர் அவர் அப்படங்களைக் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பிவைத்தார். படங்கள் வந்து சேர்ந்தன. ஆனால் அம்மாவின் பக்கத்தில் நிற்கும் அந்தச் சிறுமி யார், பின்னால் தெரியும் கிணறு எவர் வளவுக்குரியது என்பவை வந்து சேரவில்லை. அவற்றை அறிந்தவர் பக்கத்தில் அமர்ந்து விரலால் தொட்டுக் காட்டினாலன்றி அவை வந்து சேரா. வெனிஸ் பற்றி என் பிள்ளைகளிடம் இன்று கேட்டால், வெயிலையும் நீண்ட வரிசையையுமே கூறுகின்றனர்.

அப்படியாயின் உறவினர் வீடுகளுக்கு அப்பால் நாம் எங்கும் போகக்கூடாதா என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் அடுக்களையிலேயே விடுமுறையைக் கழிக்கின்றனர். தமக்கு விளங்காத ஊர்க்கதைகளுக்கு நடுவே பிள்ளைகள் கூடத்தில் அமர்ந்து நேரம் போக்குகின்றனர். விருந்தளிப்பவர்களோ உணவகத்திலும் துப்புரவுப் பணியிலும் இரு வேலை செய்து, எமக்காக விடுமுறை எடுத்து, தமது கட்டிலை எமக்குத் தந்து தாம் நிலத்தில் படுக்கின்றனர். ஓரிரு நாள் எவர் வீட்டுக்கும் பாரமாகாமல் விடுதியில் தங்கி, சுற்றுலாப் பயணிகளைப் போல வீதியில் நடந்து திரிவதற்கு எமக்கும் உரிமை உண்டு.

இவ்வாண்டு என் மகள் கேட்ட நகரம் பேர்லின். "நீங்கள் முதலில் வந்து இறங்கிய இடத்தை எங்களுக்குக் காட்டவேயில்லையே, அப்பா" என்றாள். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

1984 இல் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவர்களுள் நானும் ஒருவன். அங்கிருந்து பிரீட்றிக்ஸ்ராச நிலையத்துக்கு வந்து, புகையிரதம் ஏறி மேற்கு பேர்லினை அடைந்தோம். பிரிக்கப்பட்ட நகரின் நடுக்கோட்டை நாடுகளுக்கிடையிலான எல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காததால், அப்பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. இரு வல்லரசுகளின் பிணக்கில் திறந்திருந்த அந்தச் சிறு கதவு வழியாகவே எம்மவர் பலர் ஐரோப்பாவுக்குள் நுழைந்தனர். 1985 இல் மேற்கு ஜேர்மனிய விசா இல்லாத தமிழரைத் தன் வழியாகச் செல்லவிடுவதைக் கிழக்கு ஜேர்மனி நிறுத்தியதுடன் அக்கதவு மூடப்பட்டது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரும் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்களே. ஆகவே கனடாத் தமிழரின் கதையிலும் அந்நாட்டுக்கு ஓரிடம் உண்டு.

அந்நிலையத்தின் அருகே, மேற்குக்குப் புறப்படுவோரைச் சோதிப்பதற்காக 1962 இல் கட்டப்பட்ட மண்டபம் இன்றும் நிற்கின்றது. பிரிவின்போது அங்கு சிந்தப்பட்ட கண்ணீரால் மக்கள் அதனைக் "கண்ணீர் மாளிகை" என்று அழைத்தனர். 2011 முதல் அது அருங்காட்சியகமாக உள்ளது, அனுமதிக்குக் கட்டணமில்லை. ஜேர்மனியரின் பிரிவைச் சொல்லும் இடம் அது. அவ்வழியே வந்த எமது கதையை அங்கு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

எனவே நாம் பேர்லினைச் சேர்ப்பதென முடிவு செய்துள்ளோம். ஆனால் முன்பு செய்த தவறை இம்முறை செய்யவில்லை. இலண்டனில் கடைத்தெருவுக்கென வைத்திருந்த இரண்டு நாள்களையும் பாரிஸில் கேளிக்கைப் பூங்காவுக்கென வைத்திருந்த ஒரு நாளையும் கழித்தோம். 2024 டிசம்பர் முதல் பாரிஸிலிருந்து பேர்லினுக்குப் பகலில் நேரடி அதிவேகப் புகையிரதம் ஓடுகின்றது. ஏறத்தாழ எட்டு மணி நேரப் பயணம். சூரிச்சின் ஐந்து நாள்களில் ஒன்றையேனும் தொடவில்லை.

பயணத்துக்கு ஆயத்தமாகும் குடும்பங்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே. ஒரு நகரைச் சேர்க்குமுன் எதைக் கழிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். கழிக்கப்படுவது முதியவர் ஒருவருடன் இருக்கும் நாளாயின் அந்நகரை விட்டுவிடுங்கள். நகரங்கள் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். பிறர் போய்வந்தார்கள் என்பதற்காக எந்த நகரையும் சேர்க்காதீர்கள். அங்கு பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கோ சொல்வதற்கோ ஏதேனும் உண்டாயின் தயங்காமல் சேருங்கள்.

பெரியக்காவுக்கு இச்செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். ஐந்து நாளும் நிற்பீர்களா என்று இரண்டு முறை கேட்டார். நிற்போம் என்றேன். அந்தப் படத் தொகுப்பை எடுத்து வைக்கும்படியும் சொல்லியிருக்கின்றேன். பெயர்களை எழுதிக்கொள்வதற்கு மகள் ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கின்றாள்.